கரண்டி யார் கையில்?

குழந்தைகள் சாப்பாட்டை வீணாக்குகிறார்கள் என்று எல்லா வீட்டிலும் புகார். தட்டில் எவ்வளவு விழ வேண்டும் என்று முடிவு செய்கிறவர்களைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

மாலை மூன்றே முக்கால். பள்ளி வேன் தெருமுனையில் வந்து நிற்கிறது. முதலில் பை இறங்குகிறது, அடுத்து தண்ணீர் பாட்டில், கடைசியாக யு.கே.ஜி. படிக்கும் குழந்தை. காத்திருந்த அம்மா பையை வாங்கித் தோளில் மாட்டுவதற்குள் உள்ளே கைவிட்டு டிபன் பாக்ஸை எடுத்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்க்கிறார். காலி டப்பா என்றால் உள்ளே ஸ்பூன் கடகடவென்று உருளும். இன்று சத்தமே இல்லை. கனமாக இருக்கிறது.

"இன்னிக்கும் அப்படியே கொண்டு வந்துட்டியா? அஞ்சு மணிக்கு எழுந்து யாருக்காகச் செய்யறேன்?"

குழந்தை தன் ஷூவைப் பார்த்துக்கொண்டே நடக்கிறது. வீட்டில் மூடி திறக்கப்படுகிறது. காலை ஏழு மணிக்கு அடைத்த எலுமிச்சை சாதம் கட்டியாக இறுகிப் போயிருக்கிறது. உருளைக்கிழங்கு மட்டும் பொறுக்கப்பட்டிருக்கிறது. ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, மனசே இல்லாமல், குப்பைக்கூடையில் தட்டுகிறார் அம்மா.

தமிழ்நாட்டின் எந்தத் தெருவிலும் பள்ளி நாள்களில் பார்க்கக்கூடிய காட்சி இது. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் லஞ்ச் பாக்ஸ் மெனுவுக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படுவதும் இதுதான்: "பாதியை மிச்சம் வைக்கிறான், என்ன செய்யலாம்?" பள்ளிகளும் தங்கள் பங்குக்கு 'உணவை வீணாக்காதே' என்று போஸ்டர் வரையச் சொல்கின்றன, உறுதிமொழி எடுக்க வைக்கின்றன. குழந்தைகள் அழகாக வரைகிறார்கள், கணீரென்று உறுதிமொழி சொல்கிறார்கள். மறுநாளும் டப்பா கனமாகத்தான் வருகிறது.

ஏனென்றால், அந்த டப்பாவில் எவ்வளவு அடைக்க வேண்டும் என்று குழந்தையை யாரும் கேட்கவில்லை. என்ன அடைக்கலாம் என்றும் கேட்கவில்லை. சாப்பிட எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்று யாரும் விசாரிக்கவும் இல்லை. முடிவுகள் எல்லாம் பெரியவர்களுடையவை, திட்டு மட்டும் குழந்தைக்கு.

பெட்டிச் செய்தி: எவ்வளவு வீணாகிறது?

• ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட உணவு விரயக் குறியீட்டு அறிக்கையின்படி, 2022இல் உலகம் முழுவதும் வீணான உணவு 105 கோடி டன். கடைகள், உணவகங்கள், வீடுகள் ஆகியவற்றை வந்தடைந்த உணவில் இது 19 சதவீதம்.

• இதில் 63 கோடி டன், அதாவது 60 சதவீதம், வீடுகளில் வீணானது. உணவகங்கள், கேன்டீன்கள், விருந்துகளின் பங்கு 29 கோடி டன்.

• இந்திய வீடுகளில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்பது மதிப்பீடு. உலகச் சராசரி 79 கிலோ. காய்கறித் தோல், எலும்பு போன்ற சாப்பிட முடியாத பகுதிகளும் இந்தக் கணக்கில் உண்டு.

• அதே 2022இல் உலகில் பசியோடு இருந்தவர்கள் 78 கோடிப் பேர் வரை.

• 2030க்குள் உணவு விரயத்தைப் பாதியாகக் குறைப்பது ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. செப்டம்பர் 29, உணவு இழப்பு மற்றும் விரயம் குறித்த விழிப்புணர்வு நாள்.

"இன்னும் ரெண்டே ரெண்டு வாய்"

நம் வீடுகளில் குழந்தைக்குச் சோறூட்டுவது ஒரு கலை. காக்காவுக்கு ஒரு வாய், நிலாவுக்கு ஒரு வாய், தாத்தாவுக்கு ஒரு வாய் என்று கிண்ணம் காலியாகும்வரை கதை நீளும். இப்போது நிலாவின் இடத்தைச் செல்போன் பிடித்துக்கொண்டது. திரையைப் பார்த்தபடி வாயைத் திறக்கும் குழந்தைக்கு என்ன சாப்பிட்டோம் என்பதும் தெரிவதில்லை, வயிறு நிறைந்ததும் தெரிவதில்லை. கிண்ணம் காலியானால் அம்மாவுக்கு நிம்மதி. மிச்சம் வைக்காமல் சாப்பிடப் பழக்கிவிட்டோம் என்ற திருப்தியும் கூடவே வருகிறது.

அங்கேதான் பிழை தொடங்குகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லியான் பர்ச் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் சின்னக் குழந்தைகள் சாப்பிடும் விதத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் மூன்று வயதுக் குழந்தைகளுக்கும் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கும் ஒரே உணவைச் சிறிய, நடுத்தர, பெரிய அளவுகளில் வெவ்வேறு நாள்களில் பரிமாறினார்கள். தட்டில் எவ்வளவு இருந்தாலும் மூன்று வயதுக் குழந்தைகள் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் சாப்பிட்டார்கள். ஐந்து வயதுக் குழந்தைகளோ, அதிகமாகப் போட்டால் அதிகமாகச் சாப்பிட்டார்கள். மூன்று வயதில் வயிறு சொல்வதைக் கேட்ட குழந்தை, ஐந்து வயதில் தட்டு சொல்வதைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது.

அதே குழுவைச் சேர்ந்தவர்கள் 2003இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு நமக்கு இன்னும் முக்கியம். குழந்தைகளே எடுத்துப் போட்டுக்கொள்ள விட்டபோது, பெரியவர்கள் நிறையப் பரிமாறிய நாளைவிடச் சுமார் கால்பங்கு குறைவாகவே அந்த உணவைச் சாப்பிட்டார்கள். 2006இல் வந்த மற்றோர் ஆய்வில், 'சூப்பைக் குடித்து முடி' என்று வற்புறுத்தப்பட்ட குழந்தைகள், வற்புறுத்தப்படாத நாள்களைவிடக் குறைவாகவே குடித்தார்கள். அந்தச் சூப்பைப் பற்றிக் குறையும் அதிகம் சொன்னார்கள்.

இதை நம் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். 'தட்டைக் காலி பண்ணு' என்ற கட்டளைக்கு இரண்டே முடிவுகள்தான். ஒன்று, குழந்தை முரண்டு பிடிக்கும், கீரை என்றாலே வாயை மூடிக்கொள்ளும், வீணாவது கூடும். அல்லது பணிந்துவிடும். பணிந்துவிட்ட குழந்தைக்கு வயிறு போதும் என்று சொல்வது காதில் விழாமல் போகும், உடல் எடை கூடும். தேவைக்கு மேல் வயிற்றுக்குள் போன சோறும் வீணான சோறுதான். அதைக் குப்பைக்கூடையில் போடுவதற்குப் பதில் குழந்தைக்குள் போட்டிருக்கிறோம், அவ்வளவே.

எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் 1980களில் இருந்து சொல்லிவரும் ஒரு பொறுப்புப் பிரிவினை உண்டு. என்ன சமைப்பது, எப்போது, எங்கே சாப்பிடுவது என்பதெல்லாம் பெற்றோர் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பது குழந்தையின் பொறுப்பு. நம் பாட்டிகளுக்கு இது ஒப்பாது. "குழந்தைக்கு என்ன தெரியும்?" என்பார்கள். பசியைப் பொறுத்தவரை குழந்தைக்குத்தான் தெரியும்.

வாசுகி பரிமாறிய சோறு

வள்ளுவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஓர் ஊசியும் வைக்கச் சொல்வாராம். வாசுகி வாழ்நாள் முழுக்க வைத்தார். கடைசிக் காலத்தில், எதற்காக அது என்று கேட்டாராம். இலையிலிருந்து ஒரு பருக்கை கீழே சிந்தினால் ஊசியால் குத்தி எடுத்து, தண்ணீரில் கழுவிச் சாப்பிடத்தான்; ஆனால் ஊசிக்கு ஒருநாளும் வேலை வரவில்லை என்று பதில் வந்ததாம். இந்தச் செவிவழிக் கதையைத் தமிழ்க் குழந்தைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறோம், வள்ளுவரைப் போலச் சிந்தாமல் சாப்பிடு என்பதற்காக. எனக்கு அந்தக் கதையில் வாசுகிதான் பெரியவராகத் தெரிகிறார். ஒரு பருக்கையும் சிந்தாத அளவுக்கு, தேவை அறிந்து, நிதானமாகப் பரிமாறியவர் அவர். சிந்தாத சோற்றின் பெருமையில் பாதியாவது பரிமாறியவரைச் சேர வேண்டும்.

ஆகவே முதல் பாடம் பெரியவர்களுக்கு. குழந்தையின் தட்டில், அது சாப்பிடும் என்று நாம் நினைப்பதில் பாதியைப் போடுங்கள். 'வேணும்னா கேளு, இன்னும் இருக்கு' என்று சொல்லுங்கள். இரண்டாம் முறை கேட்டு வாங்குவது குழந்தைக்குப் பெரிய விஷயம். கேட்டு வாங்கியதை அது பெரும்பாலும் மிச்சம் வைக்காது.

இரண்டாவது, கரண்டியையே கொடுத்துவிடுவது. மூன்று வயதில் சின்னக் கிண்ணத்தில் இருந்து தயிரை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். நாலரை, ஐந்து வயதில் பொரியலும் சாதமும் எடுக்கலாம். கொஞ்சம் சிந்தும். மேஜையைத் துடைக்கும் துணியையும் சேர்த்தே கொடுத்துவிட்டால் அந்தப் பாடமும் ஆயிற்று. முதல் வாரம் ஆசையில் அதிகமாக எடுக்கும், மிச்சம் வைக்கும். அப்போது திட்டக் கூடாது. "நேத்து இவ்வளவு எடுத்தே, முடியல, இன்னிக்கு எவ்வளவு எடுக்கலாம்?" என்று கேட்டால் போதும். அளவை மனத்தால் எடைபோடக் கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல கணக்கு வகுப்பு கிடையாது.

இரண்டு வயதில் இருந்து ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு பயப்படுவது குழந்தைகளின் இயல்பு. ஒரு காயைப் பழகிக்கொள்ள எட்டு, பத்து முறைக்கு மேல் அது தட்டில் வந்து போக வேண்டியிருக்கும். பாகற்காய் இன்று வேண்டாம் என்றால் என்றைக்கும் வேண்டாம் என்று பொருள் இல்லை. ஒரே ஒரு துண்டு வையுங்கள். வீணானாலும் ஒரு துண்டுதான் வீணாகும்.

ஒரே 100 கிராம்

தமிழ்நாட்டில் குழந்தைகள் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடும் இடங்களில் மிகப் பெரியது சத்துணவுக் கூடம். 1920இல் சென்னை ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956இல் காமராசர் காலத்தில் மாநிலத் திட்டமாகி, 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய வரலாறு நமக்குத் தெரியும். வாரத்தில் ஐந்து நாளும் முட்டை உண்டு. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குப் பொங்கலும் உப்புமாவும் கிச்சடியும் தருகிறது.

சாப்பாட்டு மணி அடித்து அரை மணி நேரம் கழித்து, தட்டுக் கழுவும் குழாயடிக்குப் போய்ப் பாருங்கள். எது மிச்சமாகிறது என்று அங்கே தெரியும். முட்டை மிச்சமாவது அபூர்வம். தட்டின் ஓரத்தில் ஒதுக்கப்பட்டுக் கிடப்பவை கறிவேப்பிலை, கேரட், பீன்ஸ் துண்டுகள். சின்ன வகுப்புப் பிள்ளைகளின் தட்டுகளில் சோறும் கிடக்கும்.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு அரிசி 100 கிராம் என்பது விதி. ஒன்றாம் வகுப்பில் ஆறு வயதை எட்டாத குழந்தைக்கும் அதே 100 கிராம், ஐந்தாம் வகுப்பில் பத்து வயதைத் தாண்டி ஓடியாடும் பையனுக்கும் அதே 100 கிராம். கணக்குக்கு இது சரி. அதே அளவை ஒரே மாதிரி அள்ளி எல்லார் தட்டிலும் போட்டால், ஒன்றாம் வகுப்பில் மிச்சமாகும், ஐந்தாம் வகுப்பில் வயிறு காயும். சின்னக் குழந்தைகளுக்குச் சின்னக் கரண்டியால் இரண்டு முறை பரிமாறி, மீதியைப் பெரிய பிள்ளைகள் பக்கம் கொண்டுபோக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. அனுபவமுள்ள சமையலர் முகத்தைப் பார்த்தே அளவு போடுவார். இருநூறு பிள்ளைகள் வரிசையில் நிற்க, இரண்டே பேர் பரிமாறும் இடத்தில் அந்த நிதானம் எப்படி வரும்? பெரிய வகுப்புப் பிள்ளைகளைப் பரிமாறுவதில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜப்பானில் இதை முறையாகவே செய்கிறார்கள். தொடக்கப்பள்ளிகளில் மதிய உணவு வகுப்பறைக்கே வருகிறது. வெள்ளை அங்கியும் தொப்பியும் முகக்கவசமும் அணிந்த பிள்ளைகள் முறைவைத்துப் பரிமாறுகிறார்கள். அதிகம் என்று நினைக்கும் பிள்ளை, வாய் வைப்பதற்கு முன்பே கொஞ்சம் எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இன்னும் வேண்டுமென்பவர்கள் பிறகு வாங்கிக்கொள்ளலாம். உணவுக் கல்விக்கென்றே அங்கே 2005இல் சட்டம் வந்தது. ஆனால் அதே நாட்டில், முழுவதும் தின்றே தீர வேண்டும் என்று ஆசிரியர்கள் கட்டாயப்படுத்தி, பிள்ளைகள் சாப்பிடவே பயப்படும் நிலைக்கு ஆளானதாகப் புகார்களும் எழுந்தன. பரிமாறும் முறையை அங்கிருந்து கற்றுக்கொள்வோம், கட்டாயத்தை விட்டுவிடுவோம்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ளவர்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இப்படிப்பட்ட மாநிலத்தில் 'வீணாக்காதே' என்ற பிரசாரம் எந்தக் காரணத்துக்காகவும் 'குறைவாகப் போடு' என்று திரிந்துவிடக் கூடாது. மீதமாகும் சோற்றைக் காட்டி ஒதுக்கீட்டைக் குறைக்கும் எண்ணம் யாருக்காவது வந்தால் அது அநியாயம். இரண்டாம் கரண்டி எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.

மணி எப்போது அடிக்கிறது?

தனியார் பள்ளிக் குழந்தையின் நாளைப் பார்ப்போம். ஏழேகாலுக்கு வேன். அவசர அவசரமாக ஒரு டம்ளர் பால். பத்தரைக்கு இடைவேளை, கிரீம் பிஸ்கட் அல்லது சிப்ஸ். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. ஒன்றரை மணி நேரத்துக்கு முன் பிஸ்கட் தின்ற வயிற்றில் எந்தப் பசி இருக்கும்? அதிலும் கை கழுவ வரிசை, டப்பாவைத் திறக்க ஆயாவுக்குக் காத்திருப்பு என்று பாதி நேரம் போய்விடும். மிச்சமிருக்கும் சில நிமிடங்களில் கண் எல்லாம் மைதானத்தின் மேல். சாப்பிட்டு முடித்தால்தான் விளையாட்டு என்றால், குழந்தை நாலு வாய் அள்ளிப் போட்டுவிட்டு மூடியை மூடும்.

அமெரிக்காவில் 1996இல் வெளியான ஓர் ஆய்வு இந்த வரிசையைத் திருப்பிப் பார்த்தது. முதலில் விளையாட்டு, பிறகு சாப்பாடு. வீணான உணவு ஏறத்தாழ 35 சதவீதத்தில் இருந்து 24 சதவீதமாக இறங்கியது. சமையலில் எந்த மாற்றமும் இல்லை, உபதேசமும் இல்லை. கால அட்டவணையில் இரண்டு கட்டங்களை இடம் மாற்றினார்கள். நம் ஊர் வெயிலில் பன்னிரண்டு மணிக்கு மைதானத்தில் விட முடியாதுதான். நிழலிலோ வகுப்பறையிலோ பத்து நிமிட ஓய்வான விளையாட்டுக்கு என்ன தடை?

பெட்டிச் செய்தி: தொடர்ந்து மிச்சம் வைக்கும் குழந்தை

• ஒரு வாரம் டப்பாவில் மீதமாவதை எழுதி வையுங்கள். தினமும் ஒரே பொருள் மீதமானால் அது ருசி சம்பந்தப்பட்டது. எல்லாமே பாதி மீதமானால் அளவோ நேரமோ காரணம்.

• டப்பாவின் மூடியைக் குழந்தையால் தானே திறக்க முடிகிறதா என்று வீட்டில் சோதித்துப் பாருங்கள். ஆறிய பின் கையால் எடுத்துச் சாப்பிட எளிதாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

• வாரக்கணக்கில் பசியே இல்லை, எடை கூடவில்லை, சோர்வாக இருக்கிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தசோகை, குடற்புழு, பல்வலி, மலச்சிக்கல் எதுவும் காரணமாக இருக்கலாம். பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் தரப்படும் குடற்புழு நீக்க மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

• ஏழு மணிக்கு அடைத்த சோற்றை மாலையில் சாப்பிடக் கட்டாயப்படுத்தாதீர்கள். வெப்பத்தில் பல மணி நேரம் இருந்த சோற்றில் நச்சுக் கிருமிகள் பெருகும்.

பந்தியில் ஒரு குழந்தை

கல்யாணப் பந்தியில் குழந்தைக்கும் ஒரு முழு இலை. உட்காருவதற்குள் இனிப்பு, பச்சடி, கூட்டு, பொரியல், வறுவல், அப்பளம் என்று வரிசையாக விழுந்திருக்கும். பந்தி விசாரிக்க வரும் மாமா, "குழந்தைக்கு இன்னொரு ஜாங்கிரி போடு" என்பார். அன்பில் குறையில்லை. வற்புறுத்திப் போடுவதுதான் நம் ஊரில் உபசாரம். குழந்தை ஜாங்கிரியில் ஒரு கடி, அப்பளத்தில் பாதி. இலை மூடப்படும்போது மற்றதெல்லாம் உள்ளேயே போகும்.

பள்ளியில் எடுத்த உறுதிமொழியை ஒரு பந்தி அழித்துவிடும். அதனால் பந்தியையே பள்ளிக்கூடமாக்கலாம். பரிமாறுகிறவர் வரும்போது இலைக்கு மேலே கையை நீட்டி, சிரித்த முகத்தோடு "போதும்ணா" என்று சொல்லக் குழந்தைக்குக் கற்றுக்கொடுங்கள். மரியாதையாக மறுக்கத் தெரிந்த குழந்தைக்கு அது பந்திக்கு வெளியேயும் உதவும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனி இலை தேவையில்லை, அம்மாவின் இலையிலேயே ஓர் ஓரம் போதும்.

தொடாத உணவு சமையலறையில் மீந்தால் வழி இருக்கிறது. கோவையில் 2014இல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' போன்ற அமைப்புகள் மண்டபங்களில் மீந்த உணவைப் பெற்றுப் பசித்தவர்களிடம் சேர்க்கின்றன. உபரி உணவைச் சேகரித்து வழங்குவதற்கான விதிகளை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2019இல் வகுத்திருக்கிறது. அந்த வண்டியில் பாத்திரங்களை ஏற்றும்போது குழந்தையும் கூட நின்று பார்க்கட்டும். இலையில் போட்டு மிச்சம் வைத்ததை மட்டும் யாருக்கும் கொடுக்க முடியாது. அது குப்பை மேட்டுக்குத்தான் போகும். அங்கே காற்றில்லாமல் அழுகி, எளிதில் தீப்பற்றும் மீத்தேனாகும். 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றி எரிந்து, சுற்றியிருந்த குடியிருப்புகள் புகையில் திணறியதைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

முளைக்கீரை சொல்லித்தரும்

"எத்தனை பேர் சோறில்லாம இருக்காங்க தெரியுமா?" என்று நான்கு வயதுக் குழந்தையிடம் கேட்பதால் பயனில்லை. தான் சாப்பிடாத தோசைக்கும் எங்கோ இருக்கும் பசிக்கும் உள்ள தொடர்பு அதற்குப் புரியாது. குற்ற உணர்ச்சி மட்டும் மிஞ்சும். 'சாமி கண்ணைக் குத்தும்' என்பதும் அப்படியே.

கையில் தொட்டுப் பார்த்தது புரியும். ஒரு பழைய பக்கெட்டில் மண் நிரப்பி முளைக்கீரை விதையைத் தூவச் சொல்லுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் பறித்துவிடலாம், குழந்தையின் பொறுமைக்கு ஏற்ற பயிர். தினமும் தண்ணீர் ஊற்றி, நத்தை தின்றுவிட்டதா என்று பார்த்து, தானே பறித்த கீரையை அது ஒதுக்குவது கடினம். ஐந்து, ஆறு வயதில் ஒருமுறை வயலுக்கு அழைத்துப் போங்கள். நாற்று விட்டு, நட்டு, களை பறித்து, தண்ணீருக்கும் மழைக்கும் காத்திருந்து, குறுகிய கால நெல்லே அறுவடைக்கு நூறு நாளுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. ஒரு கிலோ அரிசிக்கு ஆகும் தண்ணீர் உலகச் சராசரியில் சுமார் 2,500 லிட்டர். இந்தக் கணக்கை எட்டு வயதில் சொல்லிக்கொள்ளலாம். சேற்றில் கால் வைத்த அனுபவம் அதற்கு முன்பே கிடைத்துவிட வேண்டும்.

வீட்டுச் சமையலறையிலும் பாடம் இருக்கிறது. மீந்த இட்லியை உதிர்த்து உப்புமாவாக்கும்போது, உதிர்க்கும் வேலையைக் குழந்தையிடம் கொடுங்கள். சந்தையில் கோணல் கேரட்டையும் கூடையில் போட அனுமதியுங்கள். ஃபிரிட்ஜில் பின்னால் தள்ளப்பட்டதை முன்னால் எடுத்து வைப்பது ஏழு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற வாராந்திர வேலை. அப்படி எடுத்து வைக்கும்போது வாடிப்போன கொத்தமல்லியும் பூசணம் பிடித்த ரொட்டியும் யாருடைய கணக்கில் சேரும் என்று அந்தப் பிள்ளை கேட்கும். பதில் சொல்லத் தயாராக இருங்கள். பெற்றோர் கொட்டும் வீட்டில் குழந்தைக்கு என்ன சொன்னாலும் ஏறாது.

பள்ளியிடமும் கேட்க வழி இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு, அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. தனியார் பள்ளிகளில் பெற்றோர்-ஆசிரியர் கூட்டம் நடக்கிறது. அடுத்த கூட்டத்தில் மதிப்பெண் பேச்சு தொடங்குவதற்கு முன் எழுந்து நின்று மூன்றே கேள்விகள் கேளுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சாப்பிட எத்தனை நிமிடம் கிடைக்கிறது? சாப்பாட்டுக்கு முன் விளையாட விட முடியுமா? சின்ன வகுப்புகளுக்குச் சின்னக் கரண்டியில் பரிமாறி, கேட்டால் மறுபடியும் போடுவீர்களா? பதில் வரும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள்.